ஹெட் போல்ட்: இறுக்கம் வேறு, பிடிப்பு வேறு

ஹெட் கேஸ்கட் மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ரேடியேட்டரில் மறுபடி தண்ணீர் குறைகிறது. வண்டிக்காரர் மெக்கானிக்கைக் குறை சொல்வார், மெக்கானிக் கேஸ்கட்டைக் குறை சொல்வார். இன்னொரு பக்கம், பில்லில் பத்து புது போல்ட்டுக்கும் காசு போட்டிருப்பதைப் பார்த்து, "பழைய போல்ட் நன்றாகத்தானே இருந்தது, எதற்குப் புதுசு?" என்று கேட்பவர்கள் உண்டு. சர்வீஸ் கையேட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு வேறு குழப்பம். இறுக்க வேண்டிய அளவு நியூட்டன் மீட்டரில் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், கடைசி இரண்டு படிகள் டிகிரியில் இருக்கின்றன.

மூன்று கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்கினோம் என்பது ஒன்று. அந்தப் போல்ட் ஹெட்டை எவ்வளவு பலமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது இன்னொன்று. இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனரான டார்க் ரெஞ்ச் முதலாவதை அளக்கிறது, எஞ்சினுக்கு வேண்டியதோ இரண்டாவது. சுத்தம், எண்ணெய், வரிசை, கட்டம், கோணம் என்று கையேடு சொல்லும் எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் குறைப்பதற்காகத்தான்.

ஹெட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது

எஞ்சினின் அடிப்பகுதி பிளாக். பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர்கள் அதில் இருக்கின்றன. அதன் மேல் மூடியாக உட்காருவது சிலிண்டர் ஹெட். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு, அதுதான் ஹெட் கேஸ்கட். எரியும் வாயு வெளியே வரக் கூடாது, கூலண்ட் ஓடும் வழியும் எண்ணெய் ஓடும் வழியும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. மூன்றையும் ஒரே தகடு பிரித்து வைக்க வேண்டும்.

இதில் எவ்வளவு விசை இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிலிண்டரின் விட்டம் 80 மி.மீ. என்றால் பரப்பு சுமார் 50 சதுர செ.மீ. பெட்ரோல் எஞ்சினில் எரியும் கணத்தில் அழுத்தம் 60 பார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பார் என்பது ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு கிலோ. ஆக, 50 x 60 = 3,000 கிலோ. மூன்று டன் எடை ஹெட்டை மேலே தள்ளுகிறது. டர்போ டீசலில் 150 பார் வரும்போது அதே சிலிண்டரில் ஏழரை டன். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் இது விநாடிக்கு 25 முறை நடக்கும்.

ஒவ்வொரு முறையும் ஹெட் ஒரு மயிரிழைகூடத் தூக்கப்படக் கூடாது. தூக்கினால் அந்தச் சந்தில் சூடான வாயு புகும், கேஸ்கட்டின் விளிம்பை அரிக்கும். அதனால் வாயு மேலே தள்ளுவதற்கு முன்பே, அதைவிடக் கூடுதலான விசையில் போல்ட்டுகள் ஹெட்டைக் கீழே இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். இந்த விசையை இந்தக் கட்டுரையில் 'பிடிப்பு விசை' என்று அழைக்கிறேன்.

போல்ட் என்பது ஒரு கெட்டியான ஸ்பிரிங்

போல்ட் இரண்டு பொருளைச் சும்மா கோத்து வைக்கும் ஆணி அல்ல. இறுக்கும்போது அது நீள்கிறது. நீண்டது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்தத் திரும்பும் முயற்சிதான் ஹெட்டைப் பிளாக்கோடு அழுத்துகிறது. நீட்சி இல்லையென்றால் பிடிப்பும் இல்லை.

எவ்வளவு நீளும்? எம்10 அளவுள்ள, அதாவது 10 மி.மீ. விட்டமுள்ள ஒரு எஃகு போல்ட்டில் இழுபடும் பகுதி 100 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று டன் பிடிப்பு வர, அது கால் மில்லிமீட்டர் நீண்டால் போதும். இரண்டரைக் காகிதத்தின் தடிமன். மூன்று டன் விசை முழுவதும் அந்தக் கால் மில்லிமீட்டரில்தான் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஹெட் போல்ட்டுகள் அவ்வளவு நீளமாக இருப்பதன் காரணமும் இதில் புரியும். எஞ்சின் ஓட ஓட கேஸ்கட் கொஞ்சம் அமுங்கும், மேற்பரப்பின் நுண்ணிய மேடுகள் தேயும். மொத்தம் 0.05 மி.மீ. அமுங்கியது என்றால், கால் மி.மீ. நீண்டிருந்த போல்ட் தன் பிடிப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். இதே இடத்தில் 25 மி.மீ. நீளக் குட்டி போல்ட் இருந்தால், அதன் நீட்சியே 0.06 மி.மீ. அளவுதான். பிடிப்பு கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும்.

நீட்சிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் நின்றால், போல்ட்டைக் கழற்றியதும் பழைய நீளத்துக்குத் திரும்பும். தாண்டினால் நீண்டது நீண்டதுதான். இதை 'நெகிழ் எல்லை' என்பார்கள். போல்ட்டின் தலையில் 10.9 என்று பொறித்திருந்தால் அது இந்த எல்லையைத்தான் சொல்கிறது. முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் 1,000. ஒரு சதுர மி.மீ.க்கு 1,000 நியூட்டன் இழுவிசை வரை அது அறாமல் தாங்கும். அடுத்த எண் .9 என்றால், அந்த 1,000-த்தில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 900-ல் அது நிரந்தரமாக நீளத் தொடங்கும். 8.8 என்றால் 800, 640. கடையில் '10.9 இல்லை, இதைப் போடுங்கள், அளவு ஒன்றுதான்' என்று 8.8-ஐக் கொடுத்தால் வாங்கவே கூடாது. பார்க்க ஒன்றுபோல் இருக்கும், தாங்குவது வேறு.

100 ரூபாய் கொடுத்தால் 10 ரூபாய்க்குத்தான் சரக்கு

டார்க் என்றால் முறுக்குவிசை. ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் ஒரு நியூட்டன் விசை கொடுத்தால் அது ஒரு நியூட்டன் மீட்டர். ஒரு கிலோ எடை கொடுத்தால் அது ஒரு கிலோகிராம்-மீட்டர் டார்க், அதாவது 9.8 நியூட்டன் மீட்டர்.

நாம் கொடுக்கும் டார்க் எல்லாம் போல்ட்டை நீட்டுவதற்குப் போவதில்லை. 100 ரூபாய் டார்க் கொடுத்தால், சுமார் 50 ரூபாய் போல்ட் தலையின் அடிப்பாகம் ஹெட்டோடு உரசுவதிலேயே செலவாகிவிடும். இன்னொரு 40 ரூபாய் மரையும் மரையும் உரசுவதில் போகும். மிச்சம் 10 ரூபாய்தான் போல்ட்டை நீட்டுகிறது. உராய்வு கூடினால் அந்தச் சிறு பங்கும் சுருங்கும், குறைந்தால் பெருகும். ரெஞ்சுக்கு இது எதுவும் தெரியாது. அது மொத்த 100 ரூபாயை மட்டும் எண்ணிவிட்டு 'க்ளிக்' என்று சொல்லும்.

இதைக் கணக்கில் பிடிக்க ஓர் எளிய சூத்திரம் உண்டு:

டார்க் = உராய்வு எண் x போல்ட்டின் விட்டம் x பிடிப்பு விசை

எண்ணெய் இல்லாத, சுத்தமான எஃகு மரைக்கு இந்த உராய்வு எண் சுமார் 0.2. எண்ணெய் தொட்டால் சுமார் 0.15. துருவும் பழைய அழுக்கும் சேர்ந்திருந்தால் 0.3 வரை போகலாம். இப்போது ஒரே ஹெட்டில் மூன்று எம்10 போல்ட்டுகளை, ஒரே ரெஞ்சால், 60 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கிப் பார்ப்போம்.

1. துரு பிடித்த மரை: பிடிப்பு சுமார் 2 டன்.
2. உலர்ந்த, சுத்தமான மரை: சுமார் 3 டன்.
3. எண்ணெய் தொட்ட மரை: சுமார் 4 டன்.

மூன்றிலும் கேட்டது ஒரே க்ளிக். பிடிப்பு மட்டும் ஒன்றுக்கு இரண்டு மடங்கு வித்தியாசம்.

நல்ல டார்க் ரெஞ்சின் பிழை கூடுதலாகவோ குறைவாகவோ 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 6789 தரம் சொல்கிறது. ஆனால் டார்க்கை மட்டும் நம்பி இறுக்கும்போது கிடைக்கும் பிடிப்பு விசை 25 முதல் 30 சதவீதம் வரை இப்படியும் அப்படியும் போகும் என்பது பொறியியலில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. பிழையின் பெரும்பங்கு கருவியில் இல்லை, மரையில் இருக்கிறது. விலை உயர்ந்த ரெஞ்ச் வாங்கிவிட்டு மரையைச் சுத்தம் செய்யாமல் விடுவது, தங்கத் தராசில் மண்ணோடு சேர்த்து நகையை நிறுப்பது மாதிரி.

கையேட்டில் இருக்கும் டார்க் எண் எண்ணெய் தொட்ட மரைக்கா, உலர்ந்த மரைக்கா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உலர்ந்த மரைக்குச் சொன்ன எண்ணை எண்ணெய் பூசிய போல்ட்டில் வைத்தால் மூன்று டன்னுக்குப் பதில் நான்கு டன் வரும். அலுமினிய மரையாக இருந்தால் அந்தக் கூடுதல் டன்னிலேயே மரை உரிந்து போல்ட்டோடு வந்துவிடலாம்.

எல்லாப் போல்ட்டும் ஒரே அளவு பிடிக்க வேண்டும்

"கொஞ்சம் கூடவே இறுக்கினால் கெட்டியாகத்தானே இருக்கும்?" என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஹெட்டைப் பொறுத்தவரை எவ்வளவு இறுக்கம் என்பதைவிட எவ்வளவு சீர் என்பதுதான் முக்கியம் என்று சொல்வேன்.

மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பவரைக் கவனித்திருப்பீர்கள். ஓரிடத்தில் தட்டிவிட்டு அப்படியே விடமாட்டார். விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்கே தட்டினாலும் ஒரே நாதம் வரும் வரை சரிசெய்துகொண்டே இருப்பார். ஓரிடத்தில் தோல் கூடுதலாக இழுபட்டிருந்தால் மொத்த வாத்தியமும் பேசாது. ஹெட்டும் அப்படித்தான்.

இன்றைய கார் எஞ்சின்களில் பெரும்பாலும் இருப்பது பல அடுக்கு எஃகு கேஸ்கட். மெல்லிய ஸ்பிரிங் எஃகுத் தகடுகள் சில ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் தகட்டில் ஒரு சிறு மேடு எழுப்பியிருப்பார்கள். ஹெட் அழுத்தும்போது அந்த மேடு பாதி அமுங்கி, ஸ்பிரிங் போல மேலும் கீழும் தள்ளி அடைக்கும். ஒரு பக்கம் நான்கு டன், எதிர்ப்பக்கம் இரண்டு டன் என்றால், இங்கே மேடு நசுங்கித் தட்டையாகிவிடும், அங்கே சரியாகத் தொடவே தொடாது. கசிவு வரப்போவது இரண்டு டன் இடத்தில். அங்கே நின்று பார்ப்பவர் 'இந்தப் போல்ட் லூஸ்' என்று நினைப்பார். உண்மையில் எதிர்ப்பக்கம் கூடிப்போனதும் அதே அளவு காரணம்.

நடுவிலிருந்து ஏன் தொடங்க வேண்டும், ஏன் ஒரேயடியாக இறுக்கக் கூடாது

கயிற்றுக் கட்டிலில் தொய்ந்த கயிற்றை இழுத்துக் கட்டியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். ஒரு கயிற்றை நன்றாக இழுத்துவிட்டு அடுத்ததை இழுத்தால் முதலில் இழுத்தது தளரும். சுற்றிச் சுற்றி இரண்டு மூன்று தடவை வந்தால்தான் கட்டில் சமமாக நிற்கும்.

போல்ட்டில் நடப்பதும் இதுவே. முதல் போல்ட்டை முழு அளவுக்கு இறுக்குகிறோம். அதன் அடியில் கேஸ்கட் அமுங்குகிறது. அடுத்த போல்ட்டை இறுக்கும்போது கேஸ்கட் இன்னும் கொஞ்சம் அமுங்கும், ஹெட் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். முதல் போல்ட் கால் மி.மீ. நீண்டிருந்தது அல்லவா, ஹெட் இறங்கிய அளவுக்கு அதன் நீட்சி குறைந்துவிடும். நாம் அதைத் தொடவே இல்லை, ஆனாலும் அதன் பிடிப்பு போய்விட்டது. பத்துப் போல்ட்டையும் ஒரே சுற்றில் முழுதாக இறுக்கினால், முதலில் இறுக்கியவை தளர்ந்தும் கடைசியில் இறுக்கியவை முழுதாகவும் நிற்கும். இதைத் தடுக்கத்தான் இரண்டு மூன்று கட்டமாக இறுக்குவது. ஒவ்வொரு சுற்றிலும் மீதமிருக்கும் அமுக்கம் குறைந்துகொண்டே வருவதால், கடைசிச் சுற்றில் ஒன்றை இறுக்குவது இன்னொன்றை அதிகம் பாதிக்காது.

வரிசைக்கு வருவோம். நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் பத்துப் போல்ட்டுகள், வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசை. மேலிருந்து பார்த்தால் இறுக்கும் வரிசை பொதுவாக இந்த மாதிரி இருக்கும்:

ஒரு வரிசை: 7 – 3 – 1 – 5 – 9
எதிர் வரிசை: 10 – 6 – 2 – 4 – 8

1 முதல் 10 வரை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். நடுவில் தொடங்கி, குறுக்கும் நெடுக்குமாக மாறி மாறி, வெளியே விரிந்துகொண்டே போகும். நடுப்பகுதி முதலில் படிந்துவிட்டால், ஹெட்டிலும் கேஸ்கட்டிலும் இருக்கும் சிறு வளைவு இரண்டு ஓரத்தையும் நோக்கி நீவிப் போக வழி இருக்கிறது. ஓரங்களை முதலில் இறுக்கினால் அந்த வளைவு நடுவில் மாட்டிக்கொள்ளும். நடுவில் ஹெட் சற்றே மேலெழுந்த நிலையிலேயே பூட்டப்பட்டுவிடும். பிறகு நடுப் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அதன் ஒரு பங்கு ஹெட்டை வளைப்பதற்கே போகும், கேஸ்கட்டை அழுத்துவதற்கு முழுதாகக் கிடைக்காது.

கழற்றும்போது இதற்கு நேர் எதிர். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. எஞ்சின் முழுதாக ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டை ஒரு பக்கமாக விடுவித்தால் அது கோணிக்கொள்ளும்.

பைக்கின் ஒற்றைச் சிலிண்டரில் நான்கு போல்ட்டோ, ஸ்டட்டோ (தலை இல்லாமல் நட்டால் இறுக்கும் மரைக் கம்பி) இருந்தால் மூலைக்கு மூலை எதிராக, கார் சக்கர நட்டுகளுக்கு நட்சத்திர வரிசை. ஆலைகளில் குழாய் இணைப்புகளுக்கும் இதே கோட்பாடுதான், அதற்கென்றே அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் பி.சி.சி.-1 என்ற வழிகாட்டியை வைத்திருக்கிறது. டார்க் ரெஞ்சின் கதையே குழாயில் தொடங்கியதுதான். நியூயார்க் நகரத் தண்ணீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர், நிலத்தடிக் குழாய்களின் போல்ட்டுகளை ஆட்கள் அளவுக்கு மீறி இறுக்குவதைத் தடுக்க 1918-ல் இதை உருவாக்கினார் என்று சொல்வார்கள்.

90 டிகிரி எங்கிருந்து வந்தது

உராய்வு இவ்வளவு ஏமாற்றுகிறது என்றால், உராய்வைக் கேட்காத ஓர் அளவு வேண்டும். அதுதான் கோணம்.

எம்10 போல்ட்டின் சாதாரண மரையில் ஒரு முழுச் சுற்றுக்குப் போல்ட் 1.5 மி.மீ. உள்ளே இறங்கும். 90 டிகிரி என்பது கால் சுற்று, ஆகவே 0.375 மி.மீ. மரையில் எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. திருப்பக் கஷ்டமாக இருக்கும் அல்லது சுலபமாக இருக்கும், இறங்கும் தூரம் அதே 0.375 தான். அதில் ஒரு பங்கு கேஸ்கட்டையும் ஹெட்டையும் அமுக்குவதற்குப் போகும், மீதி போல்ட்டின் நீட்சியாகும்.

ஆரம்பத்திலிருந்தே கோணத்தை எண்ண முடியாது. தலை ஹெட்டில் நன்றாக உட்கார்ந்த பிறகுதான் திருப்பும் ஒவ்வொரு டிகிரியும் நீட்சியாகும். அதனால் முதலில் சிறிய டார்க்கில் எல்லாவற்றையும் உட்கார வைத்துவிட்டு, அங்கிருந்து கோணம். 40 நியூட்டன் மீட்டர், அப்புறம் 60, அப்புறம் 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி என்பது போன்ற அட்டவணைகள் இப்படிப் பிறந்தவை. டார்க்கின் பங்கு சிறியது என்பதால் அதன் பிழையும் சிறியதாகிவிடுகிறது.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பல எஞ்சின்களில் அந்தக் கடைசி 90 டிகிரி, போல்ட்டை நெகிழ் எல்லை வரை, சில சமயம் அதைச் சற்றே தாண்டியும் கொண்டுபோகும். வேண்டுமென்றே செய்வதுதான். எல்லைக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் விசை ஏறிக்கொண்டே இருக்கும். எல்லையைத் தொட்டதும் விசை ஏறுவது கிட்டத்தட்ட நின்றுவிடும், போல்ட் நீள்வது மட்டும் நடக்கும். அங்கே ஒரு போல்ட்டை ஐந்து டிகிரி கூடத் திருப்பினாலும் இன்னொன்றை ஐந்து டிகிரி குறைத்துத் திருப்பினாலும் இரண்டின் பிடிப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சீருக்கு இதைவிட நல்ல வழி பட்டறையில் கிடைப்பது அரிது.

அதற்கு விலை, அந்தப் போல்ட் மறுபடி உதவாது. அது நிரந்தரமாக நீண்டுவிட்டது. கண்ணுக்குத் தெரியாது; புதியதோடு பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளந்தால் தெரியும். சில தயாரிப்பாளர்கள் அதிகபட்ச நீளம் ஒன்றைச் சொல்லி, அதற்குள் இருந்தால் மறுபடி போடலாம் என்கிறார்கள். அப்படி எதுவும் சொல்லாமல் 'மாற்று' என்று மட்டும் சொல்லியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். பில்லில் இருந்த பத்து போல்ட் நியாயமான செலவு.

ரெஞ்சைப் பற்றிச் சில வார்த்தை

முள் காட்டும் வகை, டயல் வகை, டிஜிட்டல், க்ளிக் என்று பல உண்டு. பட்டறைகளில் அதிகம் காண்பது க்ளிக் வகை. அதன் கைப்பிடிக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, வைத்த அளவு வந்ததும் ஒரு சிறு உதறல் கொடுக்கும். அது வெறும் அறிவிப்பு, தடுப்பு அல்ல. க்ளிக் கேட்ட பிறகும் இழுத்தால் போல்ட் இறுகிக்கொண்டேதான் போகும். 'உறுதிக்கு' என்று இரண்டாவது முறை க்ளிக் செய்து பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

பிடியின் நடுவில் பிடித்து, நிதானமாக ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். வேலை முடிந்ததும் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஸ்பிரிங் சோர்ந்துபோகும். இறுகிய போல்ட்டைக் கழற்ற இதைப் பயன்படுத்தக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 5,000 தடவை பயன்படுத்திய பிறகு, எது முதலில் வருகிறதோ அப்போது அளவு சரிபார்க்கக் கொடுக்க வேண்டும்.

அலகு மாறிப்போவது ரெஞ்சைவிடப் பெரிய ஆபத்து. ஓர் அடி-பவுண்டு என்பது 1.356 நியூட்டன் மீட்டர். கையேட்டில் 60 நியூட்டன் மீட்டர் என்று இருக்க, ரெஞ்சின் அடி-பவுண்டுக் கோட்டில் 60 வைத்தால் போல்ட்டுக்குப் போவது 81. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல்.

சாக்கெட்டுக்கு மேல் நேராக நிற்கும் எக்ஸ்டென்ஷன் ராடு போட்டால் டார்க் மாறாது. ரெஞ்சின் நீளத்தையே கூட்டும் நீட்டிப்பை முனையில் மாட்டினால் மாறும், அப்போது கணக்குப் போட்டுக் குறைத்து வைக்க வேண்டும்.

செய்முறை, படிப்படியாக

1. ஹெட்டின் அடிப்பரப்பிலும் பிளாக்கின் மேற்பரப்பிலும் பழைய கேஸ்கட் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அலுமினியத்தில் கீறல் விழக் கூடாது.

2. நேர்விளிம்புப் பட்டையை வைத்து, ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) நீளவாட்டிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் பார்க்க வேண்டும். பல எஞ்சின்களில் 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான் அனுமதி. மீறினால் ஃபேசிங் செய்த (பரப்பைச் சீவிச் சமப்படுத்திய) பிறகுதான் மேற்கொண்டு வேலை. கோணிய ஹெட்டை எந்த வரிசையில் இறுக்கினாலும் சீர் வராது.

3. பிளாக்கில் இருக்கும் போல்ட் துளைகள். இந்தப் படியில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பெரும்பாலான துளைகள் அடியில் மூடியவை. ஹெட்டைத் தூக்கும்போது கூலண்டும் எண்ணெயும் வழிந்து அதற்குள் தேங்கிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் கறுப்பாக மின்னும். அப்படியே போல்ட்டை இறக்கினால், திரவத்துக்குப் போக வழி இல்லை, அமுங்கவும் அமுங்காது. போல்ட் ஒரு பிஸ்டனாகவும் துளை ஒரு ஜாக்கியாகவும் மாறிவிடும். ரெஞ்ச் க்ளிக் என்று சொல்லும், ஆனால் போல்ட் ஹெட்டை அழுத்தியிருக்காது, அடியில் இருக்கும் எண்ணெயை அழுத்தியிருக்கும். மோசமான நிலையில் பிளாக்கே வெடிப்பு விடும். துணியைத் திணித்து உறிஞ்சி எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு காற்று அடித்து, மறுபடி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

4. மரையைச் சுத்தம் செய்ய, வெட்டும் டேப்பைவிட மரை சுத்தம் செய்யும் சேஸர் நல்லது. டேப் உலோகத்தையும் சேர்த்துச் சீவிவிடும்.

5. கையேடு எண்ணெய் சொன்னால் மரையிலும் தலைக்கு அடியிலும் ஒரு சொட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய். தலைக்கு அடியில் விட மறக்கக் கூடாது, 50 ரூபாய் அங்கேதான் செலவாகிறது. சில எஞ்சின்களில் போல்ட் துளை கூலண்ட் ஓடும் பகுதிக்குள் திறந்திருக்கும், அங்கே மரைக்கு அடைப்புப் பசை வேண்டும்.

6. கேஸ்கட்டின் மேல்பக்கக் குறியைப் பார்த்து வைக்க வேண்டும். கையேடு சொல்லாத இடத்தில் கிரீஸோ சிலிகான் பசையோ பூசக் கூடாது.

7. எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால். ஒன்று கையால் இறங்க மறுத்தால் எடுத்துப் பார்க்க வேண்டும், ரெஞ்சால் வற்புறுத்தக் கூடாது.

8. வரிசைப்படி முதல் கட்ட டார்க், பத்தும் முடிந்த பிறகு இரண்டாம் கட்டம். காற்றழுத்தத்தில் போல்ட்டை முடுக்கும் துப்பாக்கிக்கு இங்கே வேலை இல்லை.

9. கோணக் கட்டத்துக்குக் கோண அளவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒவ்வொரு தலையிலும் ஒரே திசையில், கடிகாரத்தில் 12 மணி இருக்கும் இடத்தில், வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி. முதல் 90 டிகிரி முடிந்ததும் பத்துப் புள்ளியும் 3 மணியில் நிற்க வேண்டும். அடுத்த 90-க்கு 6 மணியில். நடுவில் யாராவது கூப்பிட்டுத் திரும்பி வந்தாலும், எந்தப் போல்ட்டில் விட்டோம் என்பதைப் புள்ளி காட்டிக் கொடுத்துவிடும்.

இறுக்கும்போது ஒரு போல்ட் மட்டும் மற்றவற்றைவிட மிகச் சுலபமாகத் திரும்பினாலோ, கனம் ஏறாமல் மெதுமெதுவென்று போய்க்கொண்டே இருந்தாலோ நிறுத்திவிட வேண்டும். மரை உரிகிறது, அல்லது போல்ட் அறப்போகிறது.

சீர் தவறினால் எங்கே தெரியும்

முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் உள்ள ஒடுங்கிய பகுதி. அங்கே கேஸ்கட் சில மில்லிமீட்டர் அகலம்தான். அது போனால் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டில் மட்டும் கம்ப்ரஷன் குறையும். கூலண்ட் வழியில் வாயு புகுந்தால் ரேடியேட்டரில் குமிழி, கூலண்ட் தளும்பி வெளியேறுவது, சூடேறுவது. எதிர்த்திசையில் கூலண்ட் சிலிண்டருக்குள் போனால் சைலன்சரில் வெள்ளைப் புகை. எண்ணெயோடு கலந்தால் எண்ணெய் மூடியின் அடியில் பால் காப்பி நிறத்தில் களிம்பு.

கசிவே இல்லாமலும் சீர்கேடு உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஹெட் போல்ட்டை இறுக்கும்போது பிளாக்கின் சிலிண்டர் சுவரும் நுண்ணிய அளவில் உருமாறும். வட்டம் வட்டமாக இருக்காது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சுவரோடு ஒட்டாத இடத்தில் எண்ணெய் மேலேறி எரியும். இது உண்மையான பிரச்சினை என்பதால்தான், கவனமாக எஞ்சின் கட்டுபவர்கள் ஹெட்டுக்குப் பதில் ஒரு கனமான தகட்டை அதே டார்க்கில் பூட்டி, அந்த உருமாறிய நிலையிலேயே சிலிண்டரை ஹோனிங் செய்கிறார்கள், அதாவது உள்சுவரைத் தேய்த்துச் சரிசெய்கிறார்கள். மேலே ஹெட்டும் வளையக்கூடியதுதான். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஹெட்டிலேயே சுழலும் எஞ்சின்களில், கோணலாக இறுகிய ஹெட்டில் கேம் பிடித்துக்கொள்ளும்.

ஓடிய பிறகு மறுபடி இறுக்க வேண்டுமா

பழைய வகைக் கேஸ்கட்டுகள், நாரும் கிராஃபைட்டும் சேர்ந்தவை, சூடேறி ஆறும்போது நன்றாக அமுங்கும். அவற்றுக்குக் குறிப்பிட்ட கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி இறுக்கக் கையேடே சொல்லியிருக்கும். அதை ஆறிய எஞ்சினில் செய்ய வேண்டும். காரணம் அலுமினியம். 100 மி.மீ. உயர அலுமினிய ஹெட் 80 டிகிரி சூடேறினால் சுமார் 0.18 மி.மீ. விரியும், எஃகு போல்ட் 0.1 மி.மீ.தான் விரியும். அந்த வித்தியாசத்தைப் போல்ட் கூடுதலாக இழுபட்டு ஈடுகட்டுகிறது. சூட்டில் அளந்தால் பிடிப்பு கூடுதலாகத் தெரியும், ஆறியதும் இருக்காது.

உட்கார்ந்துவிட்ட போல்ட்டின் மேல் ரெஞ்சை வைத்து இழுத்தால் போல்ட் அசைவதற்கு முன்பே க்ளிக் கேட்கும். நின்றிருக்கும் மரையை அசைக்கத் தேவையான உராய்வு, ஓடிக்கொண்டிருக்கும் மரையின் உராய்வைவிட அதிகம் என்பதால்தான். அந்த க்ளிக்கைக் கேட்டு 'சரியாக இருக்கிறது' என்று முடிவு செய்ய முடியாது. மறுபடி இறுக்கச் சொல்லும் கையேடுகள் சில, ஒவ்வொரு போல்ட்டாகக் கொஞ்சம் தளர்த்திவிட்டுப் பிறகு இறுக்கச் சொல்வது இதற்காக.

பல அடுக்கு எஃகு கேஸ்கட்டும் கோணத்தில் இறுக்கும் போல்ட்டும் உள்ள எஞ்சின்களில் இந்த வேலையே கிடையாது. அங்கே போல்ட் ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது, இன்னும் ஓர் இழுப்பு அதை இன்னும் நீட்டும், பிடிப்பைக் கூட்டாது. பத்தாவது போல்ட்டின் புள்ளியும் 6 மணிக்கு வந்துவிட்டால் சாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வால்வு கவரை மூடத் தொடங்கலாம்.